வீட்டில் நிற்கப் போகும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். இங்கே மழை விடுவதாக இல்லை. பீலியில் தண்ணீர் கலங்கலாக வருகிறது, மற்றபடி குறை ஒன்றும் கிடையாது.

மருமகள் வேலைக்குப் போக, நீ பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கப் போகிறாய் என்று உன் தங்கச்சி சொன்னாள். என்னிடம் சொல்ல உனக்குக் கூச்சமாம். நல்ல கூத்து! இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், 'பொம்பளை உழைக்க ஆம்பளை அடுப்பு ஊதுகிறான்' என்று பேச்சு வாங்கியவனே நான்தானே. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் விழுந்து கால் முறிந்த பிறகு என்னால் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போக முடியவில்லை. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள், உங்கள் இரண்டு பேரையும் நான் வைத்துக்கொண்டேன். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டிருக்கலாம்தான். வீட்டில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கும்போது எதற்கு என்று தொடங்கியது, பிறகு எனக்கே அது பிடித்துப்போனது. பேசியவர்களும் கொஞ்சக் காலம் பேசினார்கள். அப்புறம் லீவு நாட்களில் அவர்களே தங்கள் பிள்ளைகளையும் என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்கள்.

அதனால் ஊர் வாய் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. 8,000 ரூபாய்க்கு ஏதோ படிப்புப் பெட்டி வாங்கப் போகிறாயாமே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மரத்தில் எழுத்து, மரத்தில் எண், சொருகி எடுக்கப் பல நிறத்துக் கட்டைகள் என்று தங்கச்சி விவரம் சொன்னாள். வாங்காதே. 2024இல் தோட்டத்து அடிப்படைச் சம்பளத்தை நாளைக்கு 1,350 ரூபாயாக ஏற்றினார்கள். அந்தக் கணக்கில் உன் பெட்டி கிட்டத்தட்ட ஆறு நாள் கொழுந்து. இது அம்மா போட்ட கணக்கு. அவள் எதையும் கொழுந்தில்தான் கணக்குப் பார்ப்பாள், உனக்குத் தெரியும்.

பெட்டி இல்லாமல் நாள் முழுக்க என்ன செய்வது என்று கேட்பாய். சமை, துவை, கூட்டு, கடைக்குப் போ. எல்லாவற்றிலும் பிள்ளையைக் கூட விடு, அவ்வளவுதான். இப்போது பல வீடுகளில் பார்க்கிறேன்: பிள்ளையை டிவிக்கு முன்னால் இருத்திவிட்டு அவசர அவசரமாக வேலையை முடிக்கிறார்கள், பிறகு களைத்துப்போய் உட்கார்ந்து 'வா, அ ஆ சொல்லு' என்கிறார்கள். அந்த நேரத்துக்குப் பிள்ளைக்கும் தூக்கம் வந்துவிடும். பிள்ளையோடு செய்தால் அரை மணி நேர வேலை ஒரு மணி நேரம் இழுக்கும்தான். இழுக்கட்டும். வேலைக்குப் போகிறவளிடம் அந்த மேலதிக அரை மணி நேரம் கிடையாது, உன்னிடம் உண்டு.

ரொட்டியை எடுத்துக்கொள். கோதுமை மா பிசையும்போது உனக்கு ஒரு சின்ன உருண்டை கிள்ளிக் கொடுப்பேன். நீ பலகையில் அதைப் பாம்பு மாதிரி உருட்டுவாய். அந்தப் பாம்பை நேரே கீழே இறக்கி வலது பக்கம் மடித்தால் ட. அந்தப் பக்கமும் மேலே தூக்கிவிட்டால் ப. அ, ஆ என்று வரிசையில் தொடங்கினால் முதல் எழுத்தே சுழியும் வளைவுமாகப் பிள்ளையைப் பயமுறுத்தும். ட, ப, ம மூன்றும் அநேகமாக நேர்கோடு. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு புள்ளி என்றால் என்ன என்று காட்டிவிட்டால், படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். நீ மாவில் செய்த எழுத்தைக் கல்லில் போட்டுச் சுட்டு, கட்டச் சம்பலில் தொட்டுத் தின்றாய். ட கருகிவிட்டது என்று ஒரு நாள் பெரிய அழுகை. இன்னொரு ட செய்து தந்த பிறகுதான் அடங்கினாய்.

மாவை உருட்டுவது விரலுக்கும் நல்லது. மூன்றரை வயதுப் பிள்ளையின் விரலில் பென்சில் பிடிக்கும் பலம் இருக்காது. கொப்பியில் கோடு கோடாக எழுதச் சொன்னால் கை வலிக்கும், எழுத்தே வெறுத்துவிடும். பயறு பொறுக்கட்டும், போஞ்சி நார் உரிக்கட்டும், உள்ளித் தோல் கழற்றட்டும், துணிக்குக் கிளிப் மாட்டட்டும். கிளிப்பை அமுக்கித் திறக்கும் அதே விரல்கள்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. உள்ளித் தோலோடு கொஞ்சம் உள்ளியும் குப்பைக்குப் போகும். அந்த நட்டத்தைக் கணக்கில் எழுதாதே.

எண்ணுக்கு அரிசி அளக்கும் சுண்டு போதும். ஆளுக்கு அரைச் சுண்டு என்றால் நாலு பேருக்கு எத்தனை, அப்பாயி வந்தால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று நீ பள்ளிக்கூடம் போகும் முன்பே சொல்வாய். எழுத்தில் அரை என்பதை மூன்றாம் வகுப்பிலோ என்னவோதான் பார்த்திருப்பாய், கையில் அதற்கு வெகு முன்பே இருந்தது. துணி துவைக்கும்போது தங்கச்சிக்கு இரண்டு சிரட்டையும் ஒரு நீட்டுப் போத்தலும் ஒரு கட்டை டின்னும் கொடுத்துவிடுவேன். போத்தலில்தான் தண்ணீர் கூட என்று அடித்துச் சொல்வாள். சிரட்டையால் அளந்து ஊற்றிக் காட்டினாலும் நம்ப மாட்டாள். கொஞ்சக் காலம் கழித்து, ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே, 'இரண்டும் ஒன்றுதான்ப்பா' என்றாள். அந்த வயதுக்கு முன்னால் நீ எத்தனை தடவை விளக்கினாலும் ஏறாது. வாதாடாதே.

நம் காம்பராவின், அதாவது லயத்து அறையின், சுவர் உனக்கு நினைவிருக்கும். குளிருக்கும் வெடிப்புக்கும் மாப் பசை காய்ச்சி, பழைய வீரகேசரி, தினகரன் பேப்பர்களை ஒட்டுவோம். நீ கரித்துண்டை வைத்துக்கொண்டு சுவரில் ம எங்கே இருந்தாலும் வட்டம் போடுவாய். ஒரு தாளை அம்மா தலைகீழாக ஒட்டிவிட்டாள். அதை வாசிக்க நீ கட்டிலில் படுத்துத் தலையைத் தொங்கப்போட்டாய். வாடகை வீட்டில் சுவரைத் தொட்டால் வீட்டுக்காரர் விடமாட்டார், தெரியும். கொழும்புக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கும் வத்தளையில் தெருவே போதும். பஸ் போர்டுகளில் ஊர்ப் பெயர் மூன்று மொழியிலும் இருக்கும். மா பக்கெட், தேயிலைப் பக்கெட், மருந்துக்கடைப் பலகை எல்லாம் இலவசம். சிங்களமும் அப்படியே வரட்டும். நீ எக்க, தெக்க, துன என்று எண்ணப் படித்தது முதலாளி கடையில், அவர் மிச்சக் காசை எண்ணித் தரும்போது.

நேரம் படிப்பிக்க நமக்கு ரயில் இருந்தது. பொடி மெனிக்கே தலவாக்கலைப் பக்கம் ஏறினால் அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரப்போகிறாள் என்று அர்த்தம். உடனே சோற்றை வடிக்க வேண்டும். ரயில் பிந்தினால் சோறும் பிந்தும், அம்மா ஏசுவாள், பழி ரயில்வேக்குப் போகும். பெட்டிகளை நீ எண்ணுவாய், எண்ணெய் வண்டி வந்தால் தனியாக எண்ணுவாய். எங்கே போகிறது என்று கேட்பாய். நானுஓயா, பட்டிப்பொல, ஓஹிய, பண்டாரவளை, எல்ல, பதுளை என்று வரிசையாகச் சொல்வேன். பட்டிப்பொலதான் நாட்டிலேயே ஆக உயரத்தில் உள்ள ஸ்டேஷன், 6,200 அடிக்கும் மேல் என்றால், நம்முடைய வீடு எத்தனை அடி என்று திருப்பிக் கேட்பாய். உங்கள் பக்கத்திலும் ரயில் போகும். ஸ்டேஷன் பெயர்களை நீயே முதலில் பாடமாக்கிக்கொள்.

பயிர் ஒன்று கட்டாயம் வை. விதை கேட்டிருந்தாய். இங்கத்தைய போஞ்சி அங்கே சூட்டுக்குப் பூவை உதிர்த்துவிடும். பயற்றங்காய் போடு, டின்னிலேயே ஏறும். அது வளரும் வரை பொறுமை இல்லாவிட்டால் பாசிப்பயறை இரவில் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டு. ஓரிரு நாளில் வால் விடும். பார்க்கும் வரை பார்த்துவிட்டு, அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுக் காலைச் சாப்பாட்டை முடித்துவிடலாம். பாடத்தைத் தின்கிற வசதி வேறு எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது?

இனிக் காசு. ஒரு சம்பளத்தில் நடத்துகிறவனுக்குச் சம்பளம் வந்த அன்றே மாதத்தின் பாதி முடிவாகிவிடும். அரிசி, பருப்பு, சவர்க்காரம் மூன்றையும் அன்றே மொத்தமாக வாங்கு. நாங்கள் கைக்காசு இல்லாமல் சின்னச் சின்னப் பக்கெட்டாக வாங்கி, அதே சாமானுக்குக் கூடக் கொடுத்தவர்கள். உங்கள் வீட்டுக்கு மாதச் சம்பளம், அந்தக் கஷ்டம் வேண்டாம். பிஸ்கட் மட்டும் சின்னப் பக்கெட்டாகவே வாங்கு. பெரியது வாங்கினாலும் அதே நாளில்தான் முடியும். 2025 தொடக்கத்தில் தேங்காய் 200 ரூபாய்க்குப் போனதே, அப்போது அம்மா பாதி மூடியைக் கறிக்கும் மறுபாதியைச் சம்பலுக்கும் என்று பிரித்து ஒரு காயில் இரண்டு நாள் ஓட்டினாள். பருப்பில் கீரைத் தண்டைப் போடு. கோவாவின் வெளி இலையை எறியாமல் மெல்லிசாக அரிந்து வதக்கு. கடைப் பாணுக்கும் ரோல்ஸுக்கும் போகும் காசை ஒரு மாதம் எழுதிப் பார். எழுதினால் போதும், தானாகக் குறையும்.

பிள்ளையின் முட்டையில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. வீட்டில் ஒரு முட்டைதான் என்றால் அது அவளுக்கு. நெத்தலிக் கருவாடு மலிவு, எலும்போடு போகும், அதைச் சம்பலில் இடித்துக் கொடு. கிளினிக்கை விடாதே. நிறை குறைவு என்று மிட்வைஃப் திரிபோஷா சத்துமா எழுதித் தந்தால் கௌரவம் பார்க்காமல் வாங்கு. 1973இல் இருந்து இந்த நாட்டில் எத்தனை பிள்ளைகளைத் தூக்கிவிட்ட மா அது! சீனியும் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சேர்த்து உருண்டை பிடித்தால் நீ ஒளித்து வைத்துத் தின்பாய். அப்புறம் வெளிச்சம். லைட் பில்லுக்குப் பயந்து மங்கலில் பிள்ளைக்குப் படம் காட்டாதே. குப்பி விளக்கில் நாம் பட்டது போதும்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதே அடித்தளம் போடும் வகுப்பு என்று யாரோ சொன்னார்களாம். பிள்ளைக்கு இன்னும் நாலு வயது ஆகவில்லை. அந்தக் காசை உண்டியலில் போடு. அதற்குப் பதில் இரவில் கதை சொல், விடுகதை போடு. 'மலையில் பச்சை, பெக்டரியில் கறுப்பு, கோப்பையில் சிவப்பு' என்று கேட்டுப் பார். வத்தளையில் வளரும் பிள்ளைக்கு விடை வராது. பரவாயில்லை, கொழுந்து பற்றி அவளிடம் பேச ஒரு சாட்டு கிடைக்கும். அவளுடைய அப்பாயி எப்படிக் கூடை சுமந்தாள் என்பதையும் அதோடு சொல்லலாம்.

நாள் முழுக்கப் பிள்ளையோடு இருந்தால் மனம் வெறுத்துப்போகும் நேரமும் வரும். மழைக்காலத்தில் பின்னேரம் மூன்று மணி என்றால் எனக்கு அழுகை வரும் போலிருக்கும். அப்போது இரண்டு பேரையும் சாக்கைப் போர்த்தி வாசல் இஸ்தோப்பில் உட்காரவைத்து, பக்கத்துக் காம்பராக்காரரோடு கொஞ்ச நேரம் பேசுவேன். நீயும் பெரிய ஆட்களோடு பேச ஒரு இடம் வைத்துக்கொள். இன்னொன்று: மருமகள் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போதே பிள்ளையை அவள் கையில் திணிக்காதே. முதலில் தேத்தண்ணி. அவள் அதைக் குடித்து முடிக்கட்டும். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வந்ததும் நான் அப்படித்தான் செய்தேன். எங்கள் வீட்டில் சண்டை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவளே சொல்வாள்.

தைப்பொங்கலுக்கு வர முடியாவிட்டால் மாசியில் மன்மதன் கதை ஆடும் காமன் கூத்துக்காவது கூட்டிக்கொண்டு வா. பிள்ளை தப்பு மேளச் சத்தத்தை நேரில் கேட்கட்டும். இங்கே அப்போதும் குளிர் இருக்கும். அம்மா அவளுக்குக் கம்பளியில் மேஸ் பின்னப் போகிறாளாம், அளவு வேண்டும். ஒரு தாளில் காலை வைத்துச் சுற்றி வரையச் சொல். நீ வரையாதே, அவளே வரையட்டும். கோடு கோணலாக வந்தால் அம்மா ஒரு விரல் கூட்டிப் பின்னிக்கொள்வாள். தேயிலைத்தூள் இரண்டு கிலோ, அடுத்த கிழமை தங்கச்சி கொழும்புக்கு வரும்போது கொடுத்துவிடுகிறோம். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா