தடம் இருக்குங்களா?

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே இரண்டே கால் ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவன் எழுதுகிறேன். தோப்புக்குப் போகும் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் சர்க்கார் வண்டிப்பாதை, அடைபட்ட விவகாரம் தங்களுக்குப் புதிதல்ல. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் 3 முறை மனுக் கொடுத்து, மூன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறேன்.

போன வாரம் தோப்பை விலை பேச ஒரு குடும்பம் வந்தது. தார்ரோட்டில் காரை விட்டு இறங்கிய பெரியவர் மரத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைக் கேட்கவில்லை. "தடம் இருக்குங்களா?" என்றார்; தோப்புக்குப் போக வழி உண்டா என்று கேட்கிறார். சர்வே புலப்படத்தை விரித்துக் காட்டினேன். இட்டேரிக் கோடு தெளிவாக இருக்கிறது. கோடு இருக்கிற இடத்தில் பக்கத்துக் காட்டுக்காரரின், அதாவது பக்கத்து நிலத்துக்காரரின், கம்பி வேலி நிற்கிறது. அச்சாரப் பணத்தோடு வந்தவர்கள் மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

சரி, விற்காமல் வைத்திருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கிணறு வற்றி, போர் போட வரச்சொன்ன ரிக் வண்டி வேலி வரைக்கும் வந்து திரும்பிப் போனது. தேங்காய் வெட்டினால் லோடு வண்டி உள்ளே வராது. பங்காளி தயவில் அவர் வரப்பு மேல் 300 அடி தலைச்சுமை. அந்தக் கூலியையும் வியாபாரி காய் விலையில் கழித்துக்கொள்கிறார். ஐப்பசி மழையில் என் மனைவி சாக்கோடு சறுக்கி விழுந்தாள். காயெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் உருண்டன. பொறுக்கப் போனதற்கு, "எங்க பூமிக்குள்ள எதுக்கு வந்தீங்க?" என்று சத்தம். காய் கிடந்த இடம் சர்க்கார் இட்டேரிங்க.

தாலுகா ஆபீசில் கேட்டால் "சிவில் கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். அடுத்தவர் பூமியில் வழிப் பாத்தியம் கேட்டால் 1882-ம் வருட வசதியுரிமைச் சட்டத்தோடு கோர்ட்டுக்குப் போகலாம். நான் கேட்பது புறம்போக்குப் பாதையை. அதை அடைத்தவருக்கு நோட்டீஸ் விட்டு அகற்ற, 1905-ம் வருட ஆக்கிரமிப்புச் சட்டம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அளந்து கல் நடுங்கள், வேலியை எடுங்கள். அவ்வளவுதான்.

சர்வேயர் வராமல் இல்லை. ஒருமுறை பக்கத்துக்காரர் ஊரில் இல்லையென்று திரும்பினார். இன்னொருமுறை அவர் ஊரில் இருக்கிறாரென்று திரும்பினார். வழிகாட்டி மதிப்பு போடும்போது மட்டும் ரோட்டோரக் காட்டுக்கும் எங்கள் காட்டுக்கும் ஒரே விலை. பேப்பரில் எங்களுக்கும் ரோடு இருக்கிறது போல. எங்கள் பக்கம் பல ஊரில் இதே கதைதான்: கிளுவைச் செடி வேலியை எடுத்துவிட்டுக் கம்பி கட்டும்போது, கல்லுக்கால் இட்டேரிக்குள் நாலடி நடந்து வந்துவிடுகிறது. அளக்கத்தான் ஆளில்லை.

மரியாதை குறைவாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று வேலிக்காரர் ஆள் விட்டிருக்கிறார், பாதி விலைக்குத் தானே வாங்கிக்கொள்வதாக. "தடமில்லாத காட்டுக்கு வேற யாருங்க வருவாங்க?" என்று கேட்டாராம். பங்குனிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் தயவு செய்து அளந்து கல் நடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தடமில்லாத பட்டாதாரர் ஒருவர்