புள்ளி வைத்த கயலும் வைக்காத கயலும்

அன்புள்ள கயலுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ "சரிப்பா, பாத்துக்கறேன்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உன் தஞ்சாவூர் அத்தை, மருமகள் வளைகாப்புக்கு ஆரி ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் உன்னைத் தேடியிருக்கிறாள். உன் கடை ஐடியில் கயல்விழிக்கும் ஆரிக்கும் நடுவே நீ ஒரு புள்ளி வைத்திருக்கிறாய். அவள் புள்ளி இல்லாமல் அடித்தாள், வேறு ஒரு கயல்விழி வந்துவிட்டாள். அளவு, கலர், போட்டோ எல்லாம் அனுப்பிய பிறகு அந்தப் பெண்ணே "நீங்க தேடறது நான் இல்லைங்க" என்று சொன்னாளாம். நல்ல பெண். அட்வான்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிற ஆளிடம் மாட்டியிருந்தால்?

அன்று ராத்திரி உட்கார்ந்து உன் கணக்குகளைத் தேடினேன். இன்ஸ்டாவில் புள்ளி. யூடியூபில் பெயரோடு நீ பிறந்த வருஷம் (அதை ஊருக்கே சொல்ல வேண்டுமா?). ஃபேஸ்புக்கில் காலேஜ் காலத்துச் செல்லப்பெயர். எக்ஸில் ஒன்றுமே இல்லை. பெற்ற எனக்கே உன்னைக் கண்டுபிடிக்க அரை மணி ஆனது.

நான் தபால் பிரித்துப் பிரித்தே ரிட்டயர் ஆனவன். வெறுமனே 'புதுப்பட்டி' என்று எழுதிய கவர் வந்தால் எங்களுக்கு அன்றைக்குத் தலைவலி, எத்தனை புதுப்பட்டி இருக்கிறது! 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு கொண்டுவந்ததற்கு இந்த மாதிரிக் குழப்பமும் ஒரு காரணம். இன்ஸ்டாவில் ஏது பின்கோடு? ஐடிதான் விலாசம்.

இதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சட்டம். ஃபேஸ்புக்கும் ஜிமெயிலும் புள்ளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே ஆள். இன்ஸ்டாவில் புள்ளி வைத்தவர் வேறு, வைக்காதவர் வேறு. எக்ஸில் புள்ளியே வைக்க முடியாது, அடிக்கோடு மட்டும் போடலாம். அதனால் புள்ளியும் வேண்டாம், கோடும் வேண்டாம். போனில் சொல்லும்போது "அண்டர்ஸ்கோர்" என்றால் அத்தைக்குப் புரியுமா, சொல்.

அப்புறம் நீளம். இன்ஸ்டாவும் யூடியூபும் 30 எழுத்து வரை விடும். எக்ஸ் 15-க்கு மேல் விடாது. 'கயல்விழி ஆரி ஒர்க்ஸ்' என்று சேர்த்து எழுதினால் ஆங்கிலத்தில் 19 எழுத்து. அங்கே நிற்காது. போதாததற்கு அந்த ழ. நாம் இசட் எச் போடுகிறோம், காதால் கேட்டு அடிக்கிறவர் எல் போடுவார். அழகான பெயர்தான், நானே வைத்தது. ஆனாலும் கடைக்கு வேண்டாம்.

கயல் ஆரி. ஒன்பதே எழுத்து, ஆரிக்கு இரண்டு ஏ. தையல் கடை போர்டுகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். நேற்று ராத்திரி வரை நான்கு இடத்திலும் யாரும் எடுக்கவில்லை, பார்த்துவிட்டேன். இன்றைக்கே எடுத்துவிடு. எக்ஸில் எதுவும் போட வேண்டாம், பெயரைப் பிடித்து வைத்தால் போதும். ஆனால் 30 நாளைக்கு ஒருமுறையாவது உள்ளே போய் வரச் சொல்கிறார்கள், காலண்டரில் குறித்துக்கொள். இருக்கிற இன்ஸ்டா கணக்கில் பெயரை மட்டும் மாற்று, ஃபாலோயர்கள் அப்படியே இருப்பார்கள். பழைய பெயரை அனாதையாக விட்டால் வேறு யாராவது எடுக்கலாம். அதிலும் ஒரு கணக்குத் திறந்து, "கடை இங்கே மாறிவிட்டது" என்று ஒரு போஸ்ட் போட்டு வை. அச்சடித்த விசிட்டிங் கார்டு இன்னும் ஒரு கட்டு இருக்கிறதே.

எல்லாவற்றையும் உன் சொந்த ஜிமெயிலில் திற. ஆபீஸ் மெயில் வேண்டாம், வேலை மாறினால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். யாராவது ஐடி விற்கிறேன் என்று வந்தால் காசு கொடுக்காதே. இன்ஸ்டா, எக்ஸ் இரண்டுமே அதைத் தடை செய்திருக்கின்றன.

இவ்வளவு செய்தாலும் பட்டா நம் பேரில் இல்லை என்பதும் உண்மை. ட்விட்டர் 2023-இல் எக்ஸ் ஆனபோது, அந்த ஒற்றை எழுத்தையே ஐடியாகப் பல வருஷமாக வைத்திருந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒருவரிடமிருந்து கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. பணம் எதுவும் கொடுக்கவில்லை. அதனால் வாடிக்கையாளர் நம்பரையெல்லாம் தனியாக ஒரு நோட்டில் எழுதி வை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அத்தை இன்னும் வேறு எங்கும் ப்ளவுஸ் கொடுக்கவில்லை. புதுப் பெயரை நீயே போன் போட்டுச் சொல்லிவிடு, எழுத்து எழுத்தாக.

அன்புடன்,
அப்பா