ஆராய்ச்சிக்கு உண்டியல் வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு இணையம் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டலாம் என்று தங்கள் நடுப்பக்கக் கட்டுரை யோசனை சொல்லியிருந்தது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குக் கொடுத்தவர்கள் இதற்கும் கொடுப்பார்கள் என்பது கட்டுரையாளரின் நம்பிக்கை. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு யோசனை பிடித்திருக்கிறது, எடுத்துக்காட்டுதான் பொருந்தவில்லை.

ஹார்வர்டுக்குத் திரட்டிய 60 லட்சம் டாலர் எந்தக் கேள்விக்கும் விடை தேடுவதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல. 2015-இல் அமெரிக்கவாழ் தமிழ் மருத்துவர்கள் இருவர் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. பல நாட்டுத் தமிழர்களும் சேர்ந்து 2018-இல் நிறைவு செய்தார்கள். அது வைப்புநிதி, அதன் வருமானத்தில் ஒரு பேராசிரியர் பதவி என்றென்றும் நடக்கும். மொழிப்பற்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் சேர்ந்து திரட்டிய பணம். நம் ஊரில் ஏரிப் பாசியை ஆராய்கிற மாணவிக்கு இரண்டுமே துணைக்கு வராது.

அவருக்கு உதவக்கூடிய முன்மாதிரி வானியலில் இருக்கிறது. சிக்னஸ் விண்மீன் தொகுதியில் ஒரு விண்மீன் ஒழுங்கே இல்லாமல் மங்கி மங்கித் தெளிவதை, கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளை அலசிய தன்னார்வலர்கள் கவனித்தார்கள். வியாழன் அளவுள்ள ஒரு கோள் குறுக்கே வந்தால் சூரியன் போன்ற விண்மீனின் ஒளி சுமார் 1 சதவீதம் குறையும். இங்கே ஒரு சமயம் 22 சதவீதம் வரை குறைந்திருந்தது. வேற்றுலகவாசிகள் அதைச் சுற்றி ஏதோ கட்டியிருக்கிறார்கள் என்ற பேச்சுவரை போயிற்று. ஆனால் கெப்ளர் 2013-இல் பழுதடைந்து அந்தத் திசையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. இனித் தரையிலிருந்து இரவு தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அடுத்த மங்கலைப் பிடிக்க முடியும். "எப்போது வரும் என்று தெரியாது, வராமலும் போகலாம், ஓராண்டு காத்திருக்கத் தொலைநோக்கி நேரம் கொடுங்கள்" என்று நேரம் ஒதுக்கும் ஒரு குழுவிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது நிதி விண்ணப்பம் எழுதிப் பழகிய எவருக்கும் தெரியும்.

அந்த ஆய்வை நடத்திய வானியலாளர் டபேத்தா பொயாஜியன் 2016-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடமே ஒரு லட்சம் டாலர் கேட்டார். 1,700-க்கும் மேற்பட்டவர்கள் அதற்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்தார்கள். பூமியைச் சுற்றிப் பல இடங்களில் தொலைநோக்கி வைத்திருக்கும் லாஸ் கும்ப்ரெஸ் வானாய்வகத்தில் அந்தப் பணத்துக்கு நேரம் வாங்கப்பட்டது. 2017 மே மாதம் ஒளி குறையத் தொடங்கியதும் செய்தி பறந்தது. மற்ற தொலைநோக்கிகளும் அந்தப் பக்கம் திரும்பின. 2018 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் மறைகிறது. கட்டடமாக இருந்தால் எல்லா நிறத்தையும் ஒன்றுபோல் மறைத்திருக்கும். ஆகவே அது நுண்ணிய தூசி. பணம் கொடுத்தவர்களுக்கு அவ்வப்போது நிலவரம் தெரிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு அடுத்தடுத்து வந்த நான்கு மங்கல்களுக்கு எல்சி, செலஸ்ட், ஸ்காரா பிரே, அங்கோர் என்று பெயர் வைத்ததும் அவர்களே.

கேள்வி ஒன்று, செலவு ஒன்று, காலம் ஓராண்டு. 'தூசிதான்' என்ற சப்பென்ற விடையையும் மறைக்காமல் சொன்னார்கள். திட்டம் வெற்றி பெற்றதற்கு இதுவே காரணம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வேற்றுலகவாசி வதந்தி இல்லாமல் இருந்திருந்தால் 1,700 பேர் வந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். 2015-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் எல்எஸ்டி போதைப்பொருள் மூளையில் என்ன செய்கிறது என்று படம்பிடிக்க 25,000 பவுண்டு கேட்டார்கள். இரு மடங்குக்கு மேல் கிடைத்தது. பாசிக்கு அப்படிக் கிடைக்காது. வேடிக்கையான கேள்விக்குப் பணம் வரும், அவசியமான கேள்வி காத்துக்கிடக்கும். ஆகவே எதை ஆராய்வது என்பதைத் துறை முடிவு செய்துவிட்டு அதன்பின் மக்களிடம் வர வேண்டும். பணம் எதற்கு வரும் என்று பார்த்து ஆய்வைத் தேர்ந்தெடுப்பது விபரீதம்.

இன்னொரு கவலை அரசைப் பற்றியது. ஆராய்ச்சிக்குக் கொடுத்த நன்கொடைக்கு ஒருகாலத்தில் 175 சதவீதம்வரை வருமான வரிக் கழிவு இருந்தது, அதாவது 100 ரூபாய் கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 175 ரூபாய்வரை கழித்துக்கொள்ளலாம். படிப்படியாகக் குறைத்து 2020 ஏப்ரல் முதல் 100 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். புதிய வரிமுறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு அதுவும் இல்லை. 2023-இல் சட்டம் இயற்றி உருவாக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி தனியார், நன்கொடை வழியாக வரவேண்டிய பணம். கொடுப்பவருக்கான சலுகையைக் குறைத்துக்கொண்டே கொடுப்பவரை எதிர்பார்ப்பது என்ன கணக்கு? இந்த நிலையில் மக்களிடம் உண்டியலும் நீட்டினால், ஆய்வு மாணவர் உதவித்தொகைக்குக்கூட "இணையத்தில் திரட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். சம்பளம், உதவித்தொகை, ஆய்வகக் கட்டடம் இவற்றுக்கு ஒருபோதும் மக்களிடம் கை நீட்டக் கூடாது. நீர் மாதிரிகளைச் சோதிக்கும் கட்டணம், ஒரு பருவக் களப்பணிக்கான பயணச் செலவு, பழைய ஓலைச்சுவடிக் கட்டுகளைப் படியெடுக்கும் கூலி போன்றவற்றுக்குக் கேட்கலாம்.

கணக்கு விஷயத்தில் நம் பல்கலைக்கழகங்கள் கிராமத்துக் கோயில் குடமுழுக்குக் கமிட்டியிடம் பாடம் கேட்க வேண்டும். அங்கே வரவும் செலவும் சுவரில் ஒட்டப்படுகிறது. சந்தேகம் வந்தால் கமிட்டிக்காரரைத் தெருவிலேயே நிறுத்திக் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பணம் பொதுக்கணக்கில் விழுந்து, நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கு பிடிக்கப்பட்டு, மீதியை எடுக்க ஆய்வு மாணவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைவார். களப்பணிக்கான மழைக்காலமும் அதற்குள் போய்விடும்.

திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, பிடித்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே அறிவிப்பு, தோல்வியானாலும் தமிழில் இரண்டு பக்க அறிக்கை. இவற்றுக்கு ஒப்புக்கொண்டு ஏதாவதொரு பல்கலைக்கழகம் தொடங்கட்டும். என் ஓய்வூதியத்திலிருந்து முதல் மாதமே என் பங்கை அனுப்புகிறேன். ரசீதில் திட்டத்தின் பெயர் இருக்க வேண்டும். 'பல்கலைக்கழக வளர்ச்சி நிதி' என்று அச்சடித்த ரசீதோடு வந்தால் கொடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
பாளையங்கோட்டை.