டிஸ்டார்ஷனைக் குறையுங்கள், ஸ்னேரைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையை ராக், பங்க்கோடு கலக்கும் 'மாற்று கன்ட்ரி' பற்றிய கட்டுரையில் அமெரிக்காவின் ஓல்ட் 97'ஸ் குழுவின் 'டூ ஃபார் டு கேர்' ஆல்பத்துக்கு இடம் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால், கன்ட்ரி பாட்டின் வேகத்தைக் கூட்டி, கிட்டாரில் டிஸ்டார்ஷன் (ஒலியை உடைத்துக் கரகரப்பாக்குவது) ஏற்றினால் இந்த ஆல்பம் கிடைத்துவிடும் என்கிற தொனியில் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. அதை நம்பி வாசிக்கிற குழுக்கள் பாதிப் பாட்டிலேயே மூச்சு வாங்கி நிற்கும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். குழுவின் பெயருக்கும் ஆல்பம் வெளிவந்த 1997-க்கும் சம்பந்தமே இல்லை. டாலஸில் 1990-களின் தொடக்கத்தில் உருவான குழு அது. பெயர் ஒரு ரயில் விபத்துப் பாட்டிலிருந்து வந்தது. 1903 செப்டம்பர் 27 அன்று வர்ஜீனியாவின் டான்வில் அருகே, தாமதத்தை ஈடுகட்ட விரைந்த 97-ஆம் எண் தபால் ரயில் பாலத்திலிருந்து கவிழ்ந்தது. பதினோரு பேர் இறந்தார்கள். அதைப் பற்றிய பாட்டை 1924-இல் வெர்னன் டால்ஹார்ட் பாடிய இசைத்தட்டு விற்பனையில் சக்கைப்போடு போட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வகை இசையில், வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் ராக்கும் கன்ட்ரியும் சேருகிற இடம் டிரம்தான். ரயில் ஓடுவது போன்ற தாளத்தைக் கன்ட்ரிக்காரர்கள் 'ட்ரெயின் பீட்' என்பார்கள். நம் சொற்கட்டில் சொன்னால் எளிது. ஸ்னேரில், அதாவது சரசரவென ஒலிக்கும் சின்ன டிரம்மில், ஓயாமல் 'தகதிமி தகதிமி'. வலது, இடது, வலது, இடது. அழுத்தம் 'தி'யில் மட்டும். காலால் மிதிக்கும் கிக் (பெரிய டிரம்) 'த'வில், ஹை-ஹாட் (ஜோடி உலோகத் தட்டு) 'தி'யில். இப்போது பங்க்கின் வேகத் தாளத்தைப் பாருங்கள்: கிக் 'த'வில், ஸ்னேர் 'தி'யில். இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. 'க'வும் 'மி'யும் மெல்லிய குச்சித் தட்டுகளாக உள்ளே இருந்தால் ரயில் ஓடும், எடுத்துவிட்டால் பங்க். பாட்டின் நடுவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினாலும் தாளம் உடையாததற்கு இதுதான் காரணம்.

கோளாறு வலது கையில்தான் வரும். 'த', 'தி' இரண்டுமே வலது கை அடி என்பதால், ஒன்றை மெதுவாகவும் அடுத்ததைப் பலமாகவும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். வேகம் கூடினால் இரண்டும் ஒரே பலத்தில் விழும், தகரக் கூரையில் மழை மாதிரி சத்தம்தான் மிஞ்சும். மெல்லிய அடிக்குக் குச்சி தோலிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் எழக் கூடாது. அழுத்த அடிக்கு எட்டு அங்குலம் போதும். மெட்ரோனோமை (தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்துத் தொடங்கி, மூன்று நிமிடம் தோள் இறுகாமல் வாசிக்க முடிந்த பிறகே ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். 140-ஐத் தொட்டால், தட்டுக்கு நான்கு வீதம் நிமிடத்துக்கு 560 அடி. குச்சியை இறுக்கிப் பிடிப்பவருக்கு மணிக்கட்டு அதற்குள் கல்லாகிவிடும்.

பாஸ் கிட்டாரும் 'த'வில்தான் விழ வேண்டும்: ஜி கார்டு என்றால் ஜி, டி, ஜி, டி. தாளக் கிட்டாரில் 'த'வுக்குத் தடித்த கம்பி, 'தி'க்குக் கார்டு. பங்க் பழக்கத்தில் எல்லாவற்றையும் கீழ்நோக்கியே சமமாக இழுத்தால் அந்த இடைவெளி அடைபட்டுப்போகும். டிஸ்டார்ஷனைக் கூட்டினால் இன்னும் மோசம். மெல்லிய அடியும் வல்லடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். டிஸ்டார்ஷனின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயினை, ஓங்கி அடித்தால் உடைந்து, மெல்ல அடித்தால் தெளிவாக ஒலிக்கிற அளவில் நிறுத்துங்கள். கன்ட்ரிப் பாடகர் ஜானி கேஷ் ஆரம்ப காலத்தில் டிரம்மரே இல்லாமல், கிட்டார் கம்பிகளுக்கிடையே காகிதத்தைச் செருகி ஸ்னேர் போன்ற ஒலியை வரவழைத்தார். தேவைப்பட்டது அந்தக் 'கிசுக்' சத்தம்தான், வால்யூம் அல்ல.

காதல் தோல்விப் பாட்டென்றால் பெடல் ஸ்டீல் (கிடத்தி வாசிக்கும், பெடல்கள் கொண்ட கிட்டார்) அழ வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வால்யூம் பெடலால் மெல்ல ஊதிப் பெருகி, பெடலை மிதிக்கையில் சுரம் வழுக்கி ஏறுகிற கருவி. இந்த ஆல்பத்தின் 'டைம்பாம்ப்' போன்ற பாட்டின் ஓட்டத்தில் அதற்கு மூச்சுவிட நேரம் இருக்காது. 'சலோமி' போல நிதானமான பாட்டுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. வாசிக்கும்போது, கம்பிகள் மேல் வைத்து நகர்த்தும் இரும்புத் துண்டை ஃப்ரெட் கோட்டுக்கு (சுர இடத்தைக் காட்டும் கோடு) நேர் மேலே வையுங்கள். சாதாரணக் கிட்டார் பழக்கத்தில் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் சுருதி இறங்கி, சோகம் அபஸ்வரமாகிவிடும்.

குழுவின் பாடகர் ரெட் மில்லரைப் பற்றிக் கட்டுரையில் ஒரே வரி. 'பேரியர் ரீஃப்' பாட்டில் ஸ்டுவர்ட் ரான்சம் மில்லர் என்று தன் முழுப் பெயரைச் சொல்லிப் பெண்பித்தனாகப் பெருமையடித்துக்கொள்கிறார். அவர் எங்கேயும் அழவில்லை. அந்த வெற்று ஜம்பத்தில்தான் தனிமை தெரிகிறது. குரலை உடைத்து உடைத்துப் பாடும் நம் மேடைப் பாடகர்கள் இதைக் கவனிக்கலாம். 'ஃபோர் லீஃப் க்ளோவர்' பாட்டில் உடன் பாடும் எக்ஸீன் செர்வெங்கா, லாஸ் ஏஞ்சலஸின் எக்ஸ் என்ற பங்க் குழுவைச் சேர்ந்தவர். அந்தக் குழுவினர் சிலரே 1985-இல் நிட்டர்ஸ் என்ற பெயரில் கன்ட்ரி ஆல்பம் போட்டிருக்கிறார்கள். கட்டுரை இந்தத் தொடர்பைத் தொடாமல் விட்டது பெரிய குறை.

அடுத்து எழுதும்போது ஒன்று செய்யச் சொல்லுங்கள். 'ஃபோர் லீஃப் க்ளோவர்' 1994-இலும், 'பிக் ப்ரவுன் ஐஸ்' 1995-இலும் குழுவின் முந்தைய ஆல்பங்களில் வந்தவை. அவற்றை 1997 பதிவுகளோடு அடுத்தடுத்து, குரலை மறந்து ஸ்னேரை மட்டும் பின்தொடர்ந்து கேட்கட்டும். இந்த ஆல்பத்தின் 2012 மறுவெளியீட்டில் டெமோக்களும் (முன்னோட்டப் பதிவுகள்) சேர்ந்திருக்கின்றன. அவற்றையும் விட வேண்டாம்.

தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சி