மாற்று சர்வர் இருக்கு, ஆனா...

ஆசிரியருக்கு வணக்கம்.

"சர்வர் டவுன்" என்றால் நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். போன வாரம் எங்கள் ஊர் வங்கிக் கிளையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். இது நின்றால் கைகொடுக்க மாற்று சர்வர் இல்லையா என்று கேட்டால், "இருக்கு சார், ஆனா..." என்று இழுத்தார்கள்.

அந்த 'ஆனா'தான் சிக்கலே. 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40க்கு நின்றுபோன தேசியப் பங்குச் சந்தை மாலை 3.45க்குத்தான் திரும்ப ஓடியது, அதன் மாற்று மையம் நம்ம சென்னையிலேயே இருந்தும் அதற்கு மாறவில்லை. அப்புறம்தான் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி விழித்துக்கொண்டு, கோளாறு நடந்த அரை மணிக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து ஓட்ட வேண்டும் என்று விதி போட்டது. 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று நிஜ வர்த்தகத்தையே மாற்று மையத்துக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள்.

தகவல்களை மாற்று சர்வருக்கு உடனுக்குடன் நகலெடுக்கும் மென்பொருளைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம், இப்படி மாற்றிப் பார்க்கத்தான் யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. இன்னொன்று, நகல் ஓடுகிறதே என்று பேக்கப்பை, அதாவது அவ்வப்போது தனியே எடுத்து வைக்கும் பிரதியை, விட்டுவிடக் கூடாது, இங்கே தவறுதலாக அழித்தது அடுத்த நொடியே அங்கேயும் அழிந்துவிடும்.

கடைசியாக எப்போது மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள் என்று வங்கிகள் கிளை வாசலில் எழுதி ஒட்டட்டுமே.

ஒரு வாசகர், திண்டுக்கல்