‘ஹொண்டா 90’ என்று மட்டும் சொல்லிப் பிஸ்டன் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டிலில் கிடந்த பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களை வெளியே எடுத்து எஞ்சினைப் புதிதாகக் கட்ட எங்கள் இளைஞர்கள் முன்வருவது பெரும் மகிழ்ச்சி. ஆனால் பலர் முதலில் பிஸ்டனை வாங்குகிறார்கள், அது பொருந்தாதபோது புத்தகம் தேடுகிறார்கள், அளவெடுப்பதோ கடைசியில்தான். காசு வீணாவது இந்த ஒழுங்கினால்தான்.

‘90’ என்ற பெயரில் இரண்டு எஞ்சின்கள் உண்டு. முந்தியது 89.5 சி.சி.; சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 45.6 மி.மீ. பிந்தியது 85.8 சி.சி.; விட்டம் 47, ஸ்ட்ரோக் 49.5. ஒன்றின் பிஸ்டனும் ரிங்கும் மற்றதுக்குச் சரிவராது. 47 என்று அளந்தவுடன் முடிவுக்கு வரவும் வேண்டாம்: ஹொண்டாவின் சிறிய மாடலான சி.70 இன் விட்டமும் 47 தான், அதன் ஸ்ட்ரோக் 41.4. இங்கே எஞ்சின் மாற்றிப் போட்ட வண்டிகள் ஏராளம். ஆகவே வண்டியின் பதிவுப் புத்தகத்தை நம்பாமல் எஞ்சினில் அடித்திருக்கும் இலக்கத்தைத் துடைத்துப் பாருங்கள்.

அந்த இலக்கத்துக்குரிய இரண்டு புத்தகங்கள் தேவை. தேய்மான எல்லைகளும் நட்டு இறுக்கும் அளவுகளும் திருத்தக் கையேட்டில் இருக்கும். பாகங்களின் படமும் இலக்கமும் உதிரிப்பாகப் பட்டியலில் இருக்கும். வண்டியோடு வரும் சிறு கைநூல் இந்த வேலைக்குப் போதாது. பல மாடல்களை ஒன்றாகச் சேர்த்த கையேடுகளில் படங்கள் நல்லவை; அளவு அட்டவணையில் பக்கத்து மாடலின் நிரலை வாசித்துவிடும் ஆபத்து உண்டு.

ஹொண்டா உதிரிப்பாக இலக்கத்தில் முதல் ஐந்து எண்கள் பாகத்தையும் அடுத்த மூன்று மாடலையும் குறிக்கும். 13101 சாதாரண பிஸ்டன், 13102 என்றால் 0.25 மி.மீ. ஓவர்சைஸ் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிய பின் போடும் பெரிய அளவு), 13103 என்றால் 0.50, 13105 இல் 1.00 வரும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இருந்து எடுப்பித்தாலும் முழு இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.

எங்கள் யாழ்ப்பாண மண்ணில் இன்னொரு விடயம் உண்டு. 1990 க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் இவை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் சிலிண்டர், கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), பிக் என்ட் (கனெக்டிங் ரொட்டின் கீழ் முனை) எல்லாமே தேயும். இப்படிப்பட்ட எஞ்சினின் சிலிண்டர் ஏற்கெனவே போர் அடிக்கப்பட்டிருக்கலாம், அதாவது கடைந்து பெரிதாக்கப்பட்டிருக்கலாம். பழைய பிஸ்டன் தலையில் 25, 50, 75 என்று ஓவர்சைஸ் அளவு (25 என்றால் 0.25 மி.மீ.) ஏதும் பதிந்திருக்கிறதா என்று கரியைச் சுரண்டிப் பாருங்கள். 100 என்றிருந்து அதுவும் தேய்ந்திருந்தால் புதுச் சிலீவ் (சிலிண்டருக்குள் இறக்கும் உறை) போடாமல் வழியில்லை. சிலிண்டரை மேல், நடு, கீழ் மூன்றிலும் குறுக்காக இரு திசையில் அளக்க வேண்டும். மேற்பகுதியில்தான் தேய்மானம் கூட.

பிஸ்டன் கைக்கு வந்த பிறகே சிலிண்டரை லேத்துக்குக் கொடுங்கள். போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடினால் இடைவெளி கூடிப் புகை தள்ளும், குறைந்தால் சூட்டில் இறுகும். அடித்து வந்த சிலிண்டரைப் பெற்றோலால் துடைத்தால் போதாது. சவர்க்காரமும் சுடுதண்ணியும் போட்டு, வெள்ளைத் துணியில் துடைத்தால் கறுப்பு ஒட்டாமல் வரும் வரை கழுவி, உடனே ஒயில் பூசுங்கள். தங்கும் சாணைத்தூள் புது ரிங்கை அரித்துவிடும். ரிங்கைச் சிலிண்டருக்குள் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள், 50 மி.மீ. சிலிண்டருக்கு 0.2 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. முனைகள் முட்டினால் ரிங் உடைந்து சுவரைக் கீறும். டப்பட் (வால்வு) இடைவெளி எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.05 மி.மீ.

சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றும்போது செப்பு வாசர் எந்த நட்டின் கீழ் இருந்தது என்று குறித்து வையுங்கள். இடம் மாறினால் ஒயில் கசியும். பக்க மூடிகளின் ஸ்குறூக்கள் ஜப்பானியத் தரத்துக்கு வெட்டப்பட்டவை. சாதாரண நட்சத்திர ஸ்குறூ ட்ரைவர் அவற்றின் தலையைத் தின்றுவிடும்.

யாழ் பொது நூலகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் இந்த மாடல்களின் திருத்தக் கையேட்டையும் உதிரிப்பாகப் பட்டியலையும் உசாத்துணைப் பகுதியில் வைத்து, தேவையான பக்கங்களைப் பிரதி எடுக்க அனுமதித்தால் பெரும் உதவியாக இருக்கும். உரியவர்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழைய மோட்டார் சைக்கிள் திருத்துநர்கள்,
கொக்குவில்.