அம்மாவின் கையும் ராஜாவின் காதும்

எதிர்வீட்டு அண்ணன், நாய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அம்மா, பயிற்சியாளர் அக்கா, என் மகன், என் அம்மா. இந்த ஐந்து பேருக்கும் நேரில் நன்றி சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்துப் பார்த்துவிட்டேன், தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடிக்கிற நாயை வைத்திருப்பவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. நானும் ரொம்ப நாள் சொல்லவில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் நாய் ராஜாவுக்கு வயது ஆறு. கண் திறந்த குட்டியாக வந்தவன். ஒருநாள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தவனைத் தலையைத் தடவி எழுப்பினேன், உர்ர் என்றான். "என்னைப் பார்த்தே உறுமுறியா?" என்று அதட்டினேன். மறுநாளும் உறுமினான், மறுநாளும் அதட்டினேன். அப்புறம் ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்தேன். யார் என்பது இங்கே வேண்டாம். ராஜா என்று பெயர் வைத்ததே தப்பு, வீட்டுக்கே தான்தான் தலைவன் என்று நினைத்துவிட்டான், மல்லாத்திப் போட்டு அமுக்குங்கள், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி மாட்டுங்கள் என்றார். மாட்டினேன். இரண்டே வாரத்தில் உறுமல் நின்றது. நன்றி சொல்லி அனுப்பி வைத்தேன். அந்த நன்றியைத் திருப்பி வாங்க வழியிருந்தால் இன்றைக்கே வாங்கிவிடுவேன்.

அடுத்த வாரம் அம்மா குனிந்து அவன் காதோரம் கை வைத்தார். ஒரு சத்தம் இல்லை. முன்கையில் பல் ஆழமாக இறங்கிவிட்டது.

அண்ணே, அலறல் கேட்டு நீங்கள் ஓடி வந்தபோது நான் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு நின்றேன். "அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்து, அம்மாவைக் குழாயடிக்குக் கொண்டு வா" என்றீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. மூன்றாவது நிமிடத்திலேயே நான் போதும் என்றேன். ராஜாவுக்குத் தடுப்பூசியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறோம், ஆஸ்பத்திரி எதற்கு என்றும் சொன்னேன். ரேபிஸ் வந்த பிறகு வைத்தியம் கிடையாது, வருமுன் போடும் ஊசிதான் உண்டு, பேசாமல் வண்டியில் ஏறு என்றீர்கள். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை எனக்கு முன்னால் மனதில் வாங்கிக்கொண்டு, பத்து நாளும் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் நீங்கள்தான்.

டாக்டர் அம்மா, நான் உங்களிடம் வந்தது ராஜாவின் கதையை ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று கேட்பதற்காக. நீங்கள் பதிலே சொல்லாமல், "அம்மா தொட்டது எந்தக் காது?" என்றீர்கள். அந்தக் கேள்விக்கு இந்த வீடே கடன்பட்டிருக்கிறது. பல வருடம் சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் முதலில் வலியைத் தேட வேண்டும், பல், இடுப்பு, காது, சில சமயம் தைராய்டு என்று சொல்லிவிட்டு, மயக்கம் கொடுத்துக் குழலை உள்ளே விட்டுப் பார்த்தீர்கள். இடது காதின் அடிவரை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. மாதக்கணக்காகத் தலையை உதறிக்கொண்டிருந்தானே, அதைப் பழக்கம் என்று நினைத்தேன். அந்த வலியோடு இருந்தவனைத்தான் கழுத்தில் சங்கிலி போட்டு இறுக்கியிருக்கிறேன். அன்றைக்கு உங்கள் அறையில் நான் ஏன் வெளியே எழுந்து போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

காது சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் ஆசை காட்டவில்லை. காது மருந்தில் ஆறும், கையைப் பார்த்தால் வருகிற பயம் அப்படி ஆறாது என்றீர்கள். சில வீடுகளில், சில நாய்களோடு, பிரிவதுதான் சரியான முடிவு என்பதையும் மறைக்கவில்லை. "இவனை வேறிடத்தில் விட்டுவிடு" என்று சொன்ன நண்பனோடு அப்போது நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். என் மகனை நினைத்துத்தான் அவன் சொன்னான். மன்னித்துக்கொள்ளடா.

பயிற்சியாளர் அக்காவுக்கு என்ன எழுதுவதென்றுதான் தெரியவில்லை, அவ்வளவு இருக்கிறது. நாய் நம்மை ஆளப் பார்க்கிறது என்று நான் ஆரம்பித்ததும் சிரித்தீர்கள். அந்தத் தலைவன் கதையின் வேர், விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கெல் 1947-இல் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது என்றீர்கள். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அம்மா, அப்பா, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999-இல் தானே எழுதினார் என்பதையும் உங்களிடம்தான் கேட்டேன். அப்புறம் ஒன்று சொன்னீர்கள்: "உறுமலை அடக்கினீர்கள், கோபத்தை அடக்கவில்லை. மணியைக் கழற்றிவிட்டீர்கள், மாடு அங்கேயேதான் நிற்கிறது."

கடிக்கு முன்னால் நாய் எத்தனை சொல்கிறது என்று நீங்கள் காட்டிய பிறகுதான் என் நாயையே பார்க்க ஆரம்பித்தேன். முகத்தைத் திருப்பும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், கண்ணோரம் வெள்ளை தெரியப் பார்க்கும், கல்லாக உறையும். உறுமல் கிட்டத்தட்டக் கடைசிப் படி.

கையைப் பார்த்தால் வருகிற பயம் போக நீங்கள் சொல்லிக்கொடுத்த கோழிக்கறிப் பாடத்தில் ஒரு வாரம் நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். கறியைக் காட்டிவிட்டுக் கையை நீட்டினேன், அவன் கறியையே சந்தேகப்பட ஆரம்பித்தான். கை முதலில் வர வேண்டும், கறி அப்புறம். அதுவும் அவன் அசௌகரியப்படாத தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். நாலைந்து அடியில் கை, உடனே கறி, கை மறைந்ததும் கறியும் நிற்கும். இப்படி ஒரு சாண் ஒரு சாணாக வந்தோம். தொட ஆரம்பித்த பிறகும் மூன்று வினாடி தடவு, கையை எடு, அவனே வந்து முட்டினால் மறுபடி தடவு, வராவிட்டால் விட்டுவிடு. தூங்கும்போது யாரும் தொடக் கூடாது. இதை ஏன் என்னிடம் யாரும் ஆறு வருடம் முன்பே சொல்லவில்லை?

வாய்ப்பூட்டுக்குத்தான் நான் அதிகம் தகராறு செய்தேன், பாவம் என்று. வாயை இறுக்கிக் கட்டுகிற துணியை நீங்களும் வேண்டாம் என்றீர்கள். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமிருக்கிற கூடை மாதிரியானதைக் கொண்டு வந்து, உள்ளே கறியைத் தடவி வைத்து, அவனாக மூக்கை நுழைக்கும்வரை பல நாள் பட்டையைக் கட்டவே விடவில்லை. இப்போது அதை எடுத்தாலே வாலாட்டிக்கொண்டு வருகிறான்.

மகனே, நீ போட்ட நோட்டு இன்னும் பிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. "கொட்டாவி 4, உதடு நக்கினது 7, அப்பா கத்தினது 2." மூன்றாவது கணக்கை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அதையும் முதலிரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, நான் குரல் உயர்த்திய நாட்களில்தான் மற்ற இரண்டும் ஏறியிருந்தன. நடுவாசலில் போட்ட தடுப்புக் கதவை ஒருநாள்கூடத் திறந்து வைக்காமல் பார்த்துக்கொண்டவனும் நீதான்.

அம்மா, உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "என்கிட்ட எதுக்குடா, அவன்கிட்ட கேளு" என்றாய். கட்டோடு தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தினமும் கறித்துண்டை அவன் பக்கம் உருட்டிவிட்டாய். அவனைக் கூப்பிடவில்லை, தொட ஆசைப்படவில்லை, உட்கார்ந்திருந்தாய், அவ்வளவுதான்.

ராஜா குணமாகிவிட்டான் என்று எழுத மாட்டேன், அக்கா அடிக்க வருவார். விருந்தாளி வந்தால் இன்னும் தடுப்பு உண்டு, டாக்டர் அம்மாவிடம் போனால் இன்னும் வாய்ப்பூட்டு உண்டு. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. காதுக்கு மருந்து விடப் பாட்டிலோடு உட்கார்ந்தேன். முகத்தைத் திருப்பினான், நான் கவனிக்கவில்லை. உதட்டை நக்கினான், அதையும் விட்டுவிட்டேன். உர்ர் என்றான். எத்தனையோ மாதம் கழித்து முதல் உறுமல். கையை எடுத்தேன். "சரிடா, சரி" என்று பாட்டிலைக் கீழே வைத்தேன். உள்ளேயிருந்து அம்மா கேட்டார், "உறுமினானா?" உறுமினான் என்றேன். மகன் ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தான். ராஜா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து, இடது காதை என் முழங்காலில் சாய்த்து உட்கார்ந்தான்.